கப்பல் எலியும் காட்டெலியும்

எலி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறார் ஒருவர். மாதச் சம்பளத்தில் வாங்கி வைத்த அரிசி மூட்டையின் அடியில் ஓட்டை. தரையெல்லாம் அரிசி. வீட்டு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு எலிப்பொறியைத் தேடுகிறாள். பொன்னேரிப் பக்கம் போனால் விவசாயியும் இதே கதையைத்தான் சொல்லுவார். பால் பிடித்த நெற்கதிரை வெட்டி வளைக்குள் இழுத்துக்கொண்டு போகிற வயல் எலிக்கு அவர் என்ன வாழ்த்தா பாடுவார்?

இப்படியிருக்க, "ஓர் எலியைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதினால் நேயர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாம் பேசப்போகிற எலி நம் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. கடல் நடுவே ஒரு தீவின் காட்டில் அது பிறக்கிறது. அந்தக் காட்டிலேயே இறக்கிறது. அந்தக் காட்டின் பக்கத்தில் இப்போது ஒரு பெரிய துறைமுகத் திட்டம் வந்திருக்கிறது.

எலிகள் எல்லாம் ஒன்றா?

நாம் "எலி" என்று ஒரே பெயரால் அழைத்தாலும், எலிகளில் எத்தனையோ வகை. வீட்டுக் கூரையில் ஓடுவது ஒன்று. வரப்பில் வளை தோண்டுவது வேறொன்று. சாக்கடையில் திரியும் பெருச்சாளி இன்னொன்று. புத்தக அலமாரிக்குள் புகும் சுண்டெலி மற்றொன்று. திருவள்ளூர் மாவட்டத்து இருளர் மக்களைக் கேட்டால், வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடுவார்கள். வளைக்குள் புகையூதி எலியைப் பிடிப்பதும், அது சேர்த்து வைத்த நெல்லை மீட்பதும் அவர்களுடைய பழைய தொழில்.

மரத்தில் தாவும் அணிலும், காட்டில் திரியும் முள்ளம்பன்றியும் எலிக்கு உறவினர்களே. இவை எல்லாவற்றுக்கும் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால்தான் பல் தேயும். ஆகவே இவற்றைக் கொறிக்கும் பிராணிகள் என்கிறார்கள். பார்வைக்கு எலியைப் போலவே இருக்கும் மூஞ்சூறோ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அது பூச்சிகளைத் தின்னும் வேறொரு குடும்பம்.

ஆகவே, எலி என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயம் ஆகாது. ஊர் நாயும் காட்டுச் செந்நாயும் ஒன்றாகுமா?

மாநக்கவாரத்து எலி

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் "மாநக்கவாரம்" என்று ஓர் இடம் வருகிறது. நிக்கோபார் தீவுகளைத்தான் அது குறிக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினால் சுமார் 1,200 கிலோமீட்டர் கடந்து போர்ட் பிளேரை அடையலாம். அந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் நிக்கோபார். அதன் தென்கோடியில் இருப்பது பெரிய நிக்கோபார் தீவு. அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு கூப்பிடு தூரம் என்று மாலுமிகள் சொல்லக்கூடிய அளவுக்குப் பக்கம்.

1901-ஆம் ஆண்டு அபட் என்ற அமெரிக்கரும் கிளாஸ் என்ற ஆங்கிலேயரும் "டெர்ராபின்" என்ற பாய்மரக் கப்பலில் இந்தத் தீவுகளைச் சுற்றிவந்தார்கள். பறவைகளையும் பிராணிகளையும் சேகரித்து வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மில்லர் என்ற விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்தார். டிரிங்கெட் என்ற சின்னத் தீவிலிருந்து வந்த ஓர் எலி, அதுவரை உலகம் அறியாத இனம் என்று கண்டு, 1902-இல் அதற்குப் பெயரிட்டார். அவர் பெயரால் அதை மில்லர் எலி என்றே நாம் அழைப்போம்.

இந்த எலி வாழ்வது உலகத்திலேயே மூன்று தீவுகளில்தான்: டிரிங்கெட், சின்ன நிக்கோபார், பெரிய நிக்கோபார். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வைத்திருக்கும் சிவப்புப் பட்டியலில் இதை அழிவின் அபாயத்தில் உள்ள இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மூன்று தீவுகளில் ஒன்றான டிரிங்கெட்டை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் சுனாமி துண்டு துண்டாகப் பிளந்துவிட்டது. அங்கிருந்த மக்கள் பக்கத்திலுள்ள கமோர்ட்டா தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மனிதன் படகேறிப் போய்விட்டான். எலி எங்கே போகும்?

இதற்குத் துணையாக இன்னோர் எலியும் நிக்கோபாரில் உண்டு. 1858-இல் "நோவாரா" என்ற ஆஸ்திரியக் கப்பல் உலகைச் சுற்றி வந்தபோது நிக்கோபாருக்கும் வந்தது. அதில் இருந்த செலபோர் என்பவர் 1869-இல் இந்த எலிக்குப் பெயரிட்டார். அதுவும் நிக்கோபாரைத் தவிர வேறெங்கும் இல்லாத இனமே.

கூடவே வரும் திருடன்

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். நம் வீட்டுக் கூரையில் ஓடும் கருப்பெலிக்குக் "கப்பல் எலி" என்றும் ஒரு பெயர் உண்டு. இதன் பூர்விகம் நம் இந்தியாதான் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. பழங்காலத்தில் மிளகு ஏற்றிச்சென்ற கப்பல்களோடு அதுவும் மேற்கே போனது. பிறகு ஐரோப்பியர் கப்பல்களில் ஏறி உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் குடியேறியது. கயிற்றின்மேல் நடக்கும், மூட்டைக்குள் ஒளியும், எதையும் தின்னும். டிக்கெட் வாங்காத பிரயாணி!

அது தனியாகவும் போவதில்லை. உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் நோய்க் கிருமிகளையும் சுமந்துகொண்டே போகிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவி ஜனங்களைக் கொள்ளைகொண்டதைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். துறைமுகங்களில் எலியைக் கண்டால் அதிகாரிகள் பதறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கப்பல் எலி ஒரு தீவுக்குள் கால் வைத்தால் என்ன ஆகும்? ஒரு உண்மைச் சம்பவத்தைக் கேளுங்கள்.

கிறிஸ்துமஸ் தீவின் கதை

இந்துமகா சமுத்திரத்தில், ஜாவாவுக்குத் தெற்கே, கிறிஸ்துமஸ் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். 1888-க்கு முன்பு அங்கே மனிதர் குடியிருக்கவில்லை. பாஸ்பேட் என்ற உரக்கல் கிடைக்கிறது என்று தெரிந்தபின் ஆட்கள் போனார்கள். அப்போது அந்தக் காட்டில் எங்கு பார்த்தாலும் எலிகள். மெக்லியர் எலி என்று பெயர். சூரியன் மறைந்ததும் கூட்டம் கூட்டமாக வெளியே வரும். கூடாரத்துக்குள்ளேயே புகுந்துவிடும். 1897-இல் அங்கே தங்கி ஆராய்ச்சி செய்த ஆண்ட்ரூஸ் என்ற விஞ்ஞானி இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1899-இல் "ஹிந்துஸ்தான்" என்ற கப்பல் அந்தத் தீவுக்கு வந்தது. அதில் கருப்பெலிகளும் வந்து இறங்கின. சில காலத்தில் காட்டெலிகள் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு பாதையில் திரிந்து செத்து விழுந்தன. 1903 வாக்கில் ஓர் எலிகூட இல்லை. ஆண்ட்ரூஸ் 1908-இல் மறுபடியும் போய்த் தேடினார். கண்ணில் படவில்லை. அங்கிருந்த இன்னொரு காட்டெலி இனமும் அதே சமயத்தில் மறைந்துவிட்டது.

காரணம் என்ன? நூறு ஆண்டுகள் கழித்து, 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விடை சொன்னது. அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த எலிகளின் தோலை விஞ்ஞானிகள் பரிசோதித்தார்கள். கப்பல் வருவதற்கு முன் பிடித்த எலிகளில் நோய்க் கிருமி இல்லை. கப்பல் வந்த பிறகு பிடித்தவற்றில், கருப்பெலிகளோடு வந்த ரத்தக் கிருமி இருந்தது! ஊர் எலிக்கு அந்தக் கிருமி பழகிப்போனது. தீவின் எலியோ அதற்கு முன் அதைக் கண்டதே இல்லை. ஆகவே தாங்க முடியவில்லை. நான்கைந்து ஆண்டுகளில் ஓர் இனம் பூண்டோடு போனது.

2022-இல் விஞ்ஞானிகள் மெக்லியர் எலியின் மரபுக் குறிப்பைப் படித்து, அதை மீண்டும் உயிரோடு உண்டாக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு எழுத்துக்களை மீட்க முடியவில்லை. போனது போனதுதான்.

பெரிய நிக்கோபாரில் என்ன நடக்கிறது?

இப்போது மீண்டும் நம் நாட்டுத் தீவுக்கு வருவோம். பெரிய நிக்கோபாரின் பரப்பு 900 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் பெரும்பகுதி அடர்ந்த மழைக்காடு. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே வசிப்பவர்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் காட்டுக்குள் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் வெறும் 229 பேர். கடற்கரையோரம் நிக்கோபாரி மக்களின் ஊர்கள் இருந்தன. சுனாமி அவற்றை அழித்துவிட்டது.

அந்தத் தீவின் கலத்தியா வளைகுடாவில் ஒரு பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம், ஒரு விமான நிலையம், ஒரு மின்நிலையம், ஒரு புதிய நகரம் இவை நான்கையும் அமைக்க மத்திய அரசாங்கம் திட்டமிட்டது. மதிப்பீடு தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாய். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. இதற்காக 130.75 சதுர கிலோமீட்டர் காடு கைமாற வேண்டும். தீவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு! வெட்ட வேண்டிய மரங்கள் 9 லட்சத்து 64 ஆயிரம் இருக்கலாம் என்று 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைமாறும் காட்டின் அளவும், ஓர் எலி இனம் முழுவதும் அழிந்துபோன கிறிஸ்துமஸ் தீவின் அளவும் ஏறக்குறைய சமம்.

அரசாங்கம் சொல்லும் காரணம் அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை மோட்டார் உதிரிபாகம் செய்து பெட்டகத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டகம் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, வேறு பெரிய கப்பலில் ஏறிப் போகலாம். இப்படி இடையில் கப்பல் மாறும் இந்தியச் சரக்கில் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில் மாறுகிறது என்பது அரசின் கணக்கு. அந்தக் கூலி நம் நாட்டுக்கே கிடைக்கட்டும் என்பது அவர்கள் வாதம். கப்பல்கள் போகும் பெருவழி அந்தத் தீவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நாட்டின் பாதுகாப்புக்கும் நல்லது என்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதும் உண்டு. கேரளத்து விழிஞ்ஞத்தில் இதே வேலைக்கு ஒரு துறைமுகம் 2025 மே மாதம் திறக்கப்பட்டுவிட்டதே, இன்னொன்று ஏன் என்கிறார்கள். கலத்தியா கடற்கரை, உலகிலேயே பெரிய ஆமையான தோணி ஆமை முட்டையிடும் இடம். வெட்டும் மரத்துக்கு ஈடாக அரியானாவில் மரம் நட ஏற்பாடு செய்தார்கள். அரியானாவில் வளரும் மரம் நிக்கோபார் எலிக்கு எப்படி நிழல் தரும்? வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அனுமதியின் சில அம்சங்களை மறுபடி பார்க்க ஒரு குழு அமைக்கும்படி 2023 ஏப்ரலில் தீர்ப்பாயம் சொன்னது.

இந்த விவாதத்தில் ஆமைக்குப் பேச ஆள் இருக்கிறது. பவழப்பாறைக்கும் ஆள் இருக்கிறது. ஷோம்பென் மக்களுக்காகவும் பலர் குரல் கொடுக்கிறார்கள். அது மிகவும் அவசியம். எலிக்குத்தான் வக்கீல் கிடைக்கவில்லை.

சட்டமும் கைவிட்டது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. தீங்கு செய்யும் ஜந்துக்களின் பட்டியல் அது. காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியவை அதில் இருந்தன. அவற்றை யாரும் கொல்லலாம், தடையில்லை. பட்டியலில் "எலி" என்று பொதுவாகத்தான் போட்டிருந்தார்கள். வீட்டில் அரிசி திருடும் எலியும் மூன்றே தீவுகளில் வாழும் எலியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். ஜனங்களின் மனத்தில் உள்ள அட்டவணை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

"சரி, அந்த எலி இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டில் விழும் பழத்தையும் கொட்டையையும் எலி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுத்துச் செல்லும். தின்றது போக மிச்சம் முளைக்கும். பாம்புக்கும் ஆந்தைக்கும் கழுகுக்கும் எலியே அன்றாடச் சாப்பாடு. வயலில் பாம்பை எல்லாம் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டதே என்று விவசாயி வருந்துவதில்லையா? அங்கே அதே கணக்குத் தலைகீழாக நடக்கும். எலி போனால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் பட்டினி கிடக்கும்.

நம் கடற்கரை சொல்லும் பாடம்

துறைமுகம் என்றால் என்ன என்று திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அனல் மின்நிலையங்களுக்கு நிலக்கரி வந்தது; பல குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. அதே கரையில் பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் மீனவர்கள், துறைமுகத்தை மேலும் விரிவாக்க வேண்டாம் என்று மனு கொடுத்தும் போராடியும் வருகிறார்கள். இரண்டும் உண்மை. துறைமுகம் வந்தால் சோறும் வரும், சேதமும் வரும். சேதத்தை முன்கூட்டியே கணக்கில் எழுதினால் குறைக்கலாம். எழுதாவிட்டால் பின்னால் அழத்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கோடரி விழுவதற்கு முன் கணக்கெடுப்பு. எந்தக் காட்டில் எத்தனை எலி, எந்த இனம் என்று தெரியாமல் "பாதிப்பு இல்லை" என்று எழுதக்கூடாது. இரவில் உலவும் சின்னப் பிராணியைப் பகலில் ஜீப்பில் போய் எண்ண முடியாது. மாதக்கணக்கில் கூண்டு வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கப்பல் எலியை இறங்கவிடாமல் தடுப்பது. கரையில் கட்டும் கப்பலின் வடக்கயிற்றில் வட்டமான தகரத் தட்டு மாட்டுவார்கள். எலி கயிற்றில் நடந்து வந்தால் தட்டைத் தாண்ட முடியாது. சர்வதேச சுகாதார விதிப்படி ஒவ்வொரு கப்பலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுகாதாரச் சான்றிதழ் பெற வேண்டும். இவை மனிதனுக்கு நோய் வராமல் இருக்க ஏற்பட்டவை. தீவுக்குப் போகும் கப்பல், பெட்டகம், அரிசி மூட்டை, கட்டுமானச் சாமான் எல்லாவற்றுக்கும் இதைவிடக் கண்டிப்பான சோதனை வேண்டும். அந்தச் சோதனை சரக்கு ஏற்றும் துறைமுகத்திலேயே தொடங்க வேண்டும். அங்கேதான் நம் ஊர்க் கரைகளுக்கும் பொறுப்பு வருகிறது.

மூன்றாவது, குப்பை. புதிய நகரத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் குடியேறுவார்கள் என்பது திட்டம். அவர்கள் கொட்டும் எச்சில் இலையும் மிச்சச் சோறும் ஊர் எலிக்கு விருந்து. எலியைப் பிடிக்கப் பூனை வளர்த்தால், பூனை காட்டுக்குள் போய்க் காட்டெலியையும் பறவையையும் பிடிக்கும். விஷம் வைத்தால் விஷத்துக்குக் கப்பல் எலி எது, காட்டெலி எது என்று தெரியாது.

இதற்கும் வழி கண்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அருகே அனகாபா என்று ஒரு தீவு. கப்பல் எலிகள் அங்கே பெருகிக் கடற்பறவைகளின் முட்டைகளைத் தின்றன. 2001, 2002 ஆண்டுகளில் விஷம் போட்டு அவற்றை ஒழித்தார்கள். அங்கே மட்டுமே வாழும் ஒரு சுண்டெலி வகையும் உண்டு. முன்னதாகவே அவற்றில் பலவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றி, விஷம் தீர்ந்த பிறகு மறுபடி காட்டில் விட்டார்கள். கப்பல் எலி ஒழிந்தது, சுண்டெலி பிழைத்தது, பறவைகளும் திரும்பி வந்து கூடு கட்டின. அது சின்னத் தீவு. பெரிய நிக்கோபார் மாதிரி பெரிய காட்டில் வந்த எலியை ஒழிப்பது மிகவும் சிரமம். வருமுன் காப்பதே மலிவு.

எலிப்பொறியை வைக்கும் அம்மாளை யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்து அரிசியைத் தின்னும் எலியைப் பிடிக்கத்தான் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது கடமையும்கூட. மில்லர் எலியோ யார் வீட்டு அரிசியையும் தேடி வந்ததில்லை. நாம்தான் அதன் வீட்டுக்குப் போகிறோம், மூட்டை முடிச்சோடும், மூட்டைக்குள் ஒளிந்திருக்கும் நம் ஊர் எலியோடும்.

அடுத்தவர் வீட்டுக்கு விருந்து போகும்போது, நம்மோடு திருடனைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது நம் பெரியவர்கள் கற்றுத்தந்த மரியாதை. தீவுக்குக் கப்பல் அனுப்புகிறவர்களும் அந்த மரியாதையைக் கடைப்பிடிக்க வேண்டும்.